பல்பு எதைச் சாப்பிடுகிறது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக அமைந்ததோ அந்தத் தலைமையாசிரியரை நான் நேரில் பார்த்ததில்லை. அவரிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர், இப்போது எழுபதை நெருங்குபவர், சற்று முன் வராந்தாவில் ஒரு செய்தி சொன்னார். கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையின் கையிலிருந்து அவர் சாக்பீஸை வாங்கமாட்டாராம். ‘எப்படி வந்துச்சு, சொல்லு’ என்பாராம். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பாராம். உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் பிள்ளைக்குக் கூச்சம் வந்துவிடும் என்று அப்படி. நான் எழுதி எடுத்துவந்த உரையின் முதல் பக்கத்தை அப்போதே மடித்து வைத்துவிட்டேன். தப்பு செய்த பிள்ளைக்குப் பக்கத்தில் பொறுமையாக நிற்பது என்ற அந்த ஒரு காரியத்தை வைத்தே இன்றைய இணையத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வுபெற்ற பின் ஆசிரியர் பயிற்சிகளுக்குப் போய்வருகிறேன். அதனால் வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப்பள்ளி. கணினி அறையில் பத்து கணினிகள். அன்றைக்கு ஓடியவை ஆறு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரக் கணினியில் மட்டும் இரண்டு சிறுமிகள். திரையில் ஒரு மின்சுற்று சிமுலேஷன். இணைய உலாவியில் திறக்கிற பக்கம்தான்; தனியாக எதையும் கணினியில் ஏற்ற வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு பெட்டி. அதில் கம்பி, பல்பு, பேட்டரி, சாவி. மவுஸால் இழுத்து நடுவில் போட்டு முனையோடு முனை சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும். சுற்று நிறைவடைந்ததும் பல்பைச் சுற்றி ஒளிக்கீற்றுகள் தெரியும். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஊர்ந்து போவதும் தெரியும்.

நான் ஒரு பேட்டரியையும் அடுத்தடுத்து இரண்டு பல்புகளையும் பலகையில் வரைந்து, ‘எது அதிகமா எரியும்?’ என்று மட்டும் கேட்டிருந்தேன். தொடரிணைப்பு என்ற சொல்லை நான் இன்னும் சொல்லவில்லை. இரட்டைச் சடை போட்டவள் தயங்காமல் சொன்னாள்: ‘மொத பல்புதான் டீச்சர். அது கொஞ்சம் கரண்ட்ட சாப்புட்டுட்டு மிச்சத்தத்தான் அடுத்ததுக்கு அனுப்பும்.’ இந்தப் பதிலை நான் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பெரியவர்களிலும் பலர் இதைத்தான் நம்புகிறார்கள். நம்பக் காரணமும் இருக்கிறது. மாதம் முடிந்தால் கரண்ட் பில் வருகிறது. செலவானால்தானே பில் வரும்?

இரண்டு பல்பும் ஒரே அளவாக எரிந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். அதன் பிறகு அவள் செய்தவற்றை என் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன். பேட்டரியைத் திருப்பிப் போட்டாள். அப்படிப் போட்டால் முதல் பல்பு இரண்டாவதாகிவிடும் அல்லவா? அப்போதும் சமமாகவே எரிந்தன. ஒரு பல்பைக் கழற்றினாள், மற்றதும் அணைந்துவிட்டது. ‘ஐயோ’ என்றாள் தோழி. மறுபடி மாட்டினார்கள். பிறகு முகத்தைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுபோய், பல்புக்கு முன்னால் ஒரு விரலும் பின்னால் ஒரு விரலும் வைத்து, நீல உருண்டைகளை எண்ணத் தொடங்கினார்கள். போகிற உருண்டை எத்தனையோ அத்தனையும் திரும்பி வந்துகொண்டிருந்தன. நான்கு நிமிடம் இருக்கும். அந்த நான்கு நிமிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் இரட்டைச் சடைக்காரி திரும்பி, கிட்டத்தட்டக் கோபமாகக் கேட்டாள்: ‘எல்லாம் திரும்பி வந்துடுதே. அப்ப பல்பு எதத்தான் டீச்சர் சாப்பிடுது?’

மின்னோட்டம் வேறு, ஆற்றல் வேறு என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வரி யாருக்குத் தேவையோ, அவளுக்கு அது அப்போதுதான் தேவைப்பட்டது. வாசலில் நின்ற ஒரு சைக்கிளை உள்ளே கொண்டுவந்து தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைச் சுற்றச் சொன்னேன். செயின் போய்த் திரும்பி வருகிறது. ஒரு கண்ணியும் குறைவதில்லை. ஆனாலும் பின்சக்கரம் சுற்றுகிறது. பெடல் சுற்றுகிற கையும் வலிக்கிறது. ‘அப்ப நம்ம கைதான் பேட்டரியா?’ என்றாள் தோழி. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை.

இந்தச் சிமுலேஷனைச் செய்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ல் வீமன் என்ற இயற்பியலாளர் 2001-இல் எரிக் கார்னெல், வுல்ஃப்காங் கெட்டர்லே ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றவர். அடுத்த ஆண்டே, 2002-இல், அமெரிக்காவில் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘ஃபெட்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். நோபல் வாங்கிய கையோடு மாணவர்களுக்காகப் பல்பையும் பேட்டரியையும் வரைய உட்கார்ந்த மனிதர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அந்தக் குழு ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. சிமுலேஷனைச் செய்துமுடித்ததும் ஒரு மாணவரை அழைத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் அதை ஓட்டச் சொல்வார்கள்; மனத்தில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். மாணவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திரையைத்தான் மாற்றுவார்கள். பிள்ளைக்குப் புரியாவிட்டால் பலகையைத் திருத்து என்பதுதான் அங்கே விதி.

2005-இல் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. இயற்பியல் அறிமுக வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினர் உண்மையான கம்பி, பல்புகளோடு ஆய்வகத்தில் வேலை செய்தார்கள். மற்றொரு பகுதியினர் சிமுலேஷனில் செய்தார்கள். பிறகு எல்லாருக்கும் நிஜமான மின்சுற்று ஒன்றை அமைத்து விளக்கும் வேலை கொடுக்கப்பட்டது. சிமுலேஷனில் பழகியவர்களே நிஜக் கம்பியிலும் நன்றாகச் செய்தார்கள். கருத்துக் கேள்விகளிலும் அவர்களுக்கே கூடுதல் மதிப்பெண். முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஜன்னலோரச் சிறுமிகளைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. செம்புக் கம்பியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே ஓடுவது தெரியாது. திரையில் தெரிந்தது. அதோடு, தப்பாகச் சேர்த்தாலும் பல்பு பியூஸ் போகாது. பேட்டரி தீர்ந்துவிட்டதே என்று யாரும் திட்டமாட்டார்கள். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் அதைக் குறைந்தது நாலு தடவையாவது செய்துபார்ப்பார்கள். செய்துபார்க்க விட வேண்டும்.

ஆனால் மறுநாள் அதே பிள்ளைகளிடம் டார்ச் பல்பும் இரண்டு செல்லும் ஒயரும் கொடுத்தேன். பத்து நிமிடமாகியும் பல்பு எரியவில்லை. ஒயரின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைச் சீவாமலே சேர்த்திருந்தார்கள். திரையில் கம்பிக்கு உறை கிடையாது. முனைகள் தாமாக ஒட்டிக்கொள்ளும். விரலால் தொட்டு, பல்லால் கடித்து உறையைக் கழற்றி, அப்புறம் எரிந்தபோது அந்த அறையில் எழுந்த கூச்சலைச் சிமுலேஷன் ஒருநாளும் எழுப்பியதில்லை. இரண்டும் வேண்டும். திரை முதலில், கம்பி அடுத்து. முடிந்தால் ஒரே வாரத்தில்.

கற்பிக்கும் இயந்திரம் என்ற எண்ணம் புதியதல்ல. 1953-இல் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தம் மகள் படித்த பள்ளிக்குப் பெற்றோராகப் போனார். கணக்கு வகுப்பு. பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு அது சரியா தப்பா என்று தெரியாமல் காத்திருந்தார்கள். முடித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, முடியாதவர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டே ஒரு மரப்பெட்டி இயந்திரத்தோடு வந்தார். கேள்வி ஒன்று தெரியும். விடை கொடுத்தால் சரியா என்பது உடனே தெரியும். சரியானால் அடுத்த கேள்வி. இன்று கைபேசிச் செயலிகள் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது அந்த மரப்பெட்டிதான். ஸ்கின்னர் கண்ட குறைகள் நிஜமான குறைகள். ஆனால் அந்தப் பெட்டியில் கேள்வி கேட்கும் உரிமை பெட்டிக்கே இருந்தது.

அந்த உரிமையை மாற்றிக்கொடுத்தவர் சீமோர் பேப்பர்ட். 1928-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். ஜெனிவாவில் ழான் பியாஜேயோடு வேலை பார்த்தவர். 1967-இல் வாலஸ் ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார். அதில் ஓர் ஆமை உண்டு. ‘முன்னால் 100 போ’, ‘வலப்பக்கம் 90 பாகை திரும்பு’ என்று பிள்ளை கட்டளையிடும். ஆமை கோடு இழுத்துக்கொண்டே போகும். இதையே நான்கு தடவை செய்யச் சொன்னால் சதுரம் வந்துவிடும். வட்டம் வரைய வேண்டுமென்றால்? பிள்ளையை எழுந்து வட்டமாக நடந்துபார்க்கச் சொல்வார்கள். நடந்துபார்த்தால் தெரியும்: கொஞ்சம் முன்னால் போகிறோம், கொஞ்சம் திரும்புகிறோம், திரும்பத் திரும்ப இதையே செய்கிறோம். சூத்திரம் தெரியாத பிள்ளை தன் காலிலிருந்தே வட்டத்தின் இலக்கணத்தை எடுத்துவிடுகிறது. ஆமை கோணலாகப் போனால் அது பிள்ளையின் தோல்வி இல்லை. கட்டளையில் எங்கோ ஒரு பிழை, தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது, அவ்வளவுதான். 1980-இல் அவர் எழுதிய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூலை ஒவ்வோர் ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் தமிழில் கொண்டுவரத் துடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பேப்பர்ட்டின் வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007-இல் எம்ஐடியிலிருந்து ‘ஸ்கிராட்ச்’ மொழியை வெளியிட்டது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். முதலில் அதைக் கணினியில் ஏற்றித்தான் ஓட்ட முடிந்தது. 2013-இல் அது உலாவிக்குள்ளேயே வந்துவிட்டது. இணையம் செய்த பெரிய காரியம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளை செய்த விளையாட்டையோ கதையையோ அங்கேயே எல்லாரும் பார்க்க வைக்கலாம். பார்க்கிற பிள்ளை ‘உள்ளே பார்’ என்ற பொத்தானை அழுத்தினால் கட்டைகள் முழுவதும் தெரியும்; எடுத்துத் தன் விருப்பப்படி மாற்றலாம்; மூலத்தைச் செய்தவருக்குரிய நன்றி தானாகவே பக்கத்தில் பதிவாகும். நம் பள்ளிகளில் பக்கத்து நோட்டைப் பார்த்தால் தண்டனை. இங்கே பார்ப்பதே பாடம்.

இப்படியே பேசிக்கொண்டுபோனால் வந்திருப்பதெல்லாம் நல்லதே என்று ஆகிவிடும். அப்படியில்லை.

வேறொரு பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை. ஒரு நிறுவனம் விற்ற பாடத்தொகுப்பு. ‘முழுக்க இன்டராக்டிவ்’ என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் திரையின் முன் நின்றான். கேள்வி வரும்; கீழே நான்கு விடைகள். அவன் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனான். சரியான விடையில் விரல் பட்டதும் கைதட்டல் சத்தம் வரும், நட்சத்திரம் பறக்கும், அடுத்த கேள்வி. ஐந்து நிமிடத்தில் பாடத்தை முடித்துவிட்டான். ‘என்னப்பா கேட்டுச்சு?’ என்றேன். திரும்பித் திரையைப் பார்த்தான். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன்மீது குற்றம் இல்லை. இயந்திரம் என்ன கேட்டதோ அதைத்தான் கொடுத்தான். விரலைக் கேட்டது, விரலைக் கொடுத்தான். பளபளப்பான இத்தகைய தொகுப்புகளுக்குப் பள்ளிகள் கொட்டும் பணத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

‘இன்டராக்டிவ்’ என்பதற்குத் தமிழில் ‘ஊடாடும்’ என்கிறோம். ஊடாட்டம் என்ற சொல்லுக்குப் பழகுதல், போக்குவரத்து வைத்துக்கொள்ளுதல் என்ற பொருள் ஏற்கனவே உண்டு. போக்குவரத்து என்றால் இருபக்கமும் போய்வர வேண்டும். தொட்டால் அசைகிற எல்லாவற்றுக்கும் அந்த நல்ல சொல்லைக் கொடுத்துவிடக் கூடாது. 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜிப்ராவில் ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்கலாம். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டினால் 180 மட்டும் மாறாது. அந்த 180-ஐ எப்படியாவது உடைத்துவிட வேண்டும் என்று ஒரு பையன் அரைமணி நேரம் போராடியதைப் பார்த்திருக்கிறேன். முக்கோணம் ஒரு கோடாக நசுங்கும்வரை இழுத்தான். அதுதான் ஊடாட்டம்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டு விடை வாங்கும் மென்பொருளிலும் நல்லது இருக்கிறது. டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளை வைத்து கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கானிமியன் ஆகிய மூவர் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 619 மாணவர்கள். பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் மையங்களில் யாருக்கு இடம் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. நாலரை மாதத்தில், இடம் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கணிதத்தில் திட்ட விலக்கத்தில் 0.37 பங்கும் இந்தியில் 0.23 பங்கும் முன்னேறியிருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது; ஒன்பதாம் வகுப்பில் இடைவெளி நாலரை வகுப்பு. ஆசிரியர் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார். கேட்கிற பிள்ளை நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் நிற்கிறது. மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் நிற்கிற படியைக் கண்டுபிடித்து அந்தப் படியிலிருந்து தொடங்கியது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், நான் தோற்றிருக்கிறேன். அந்த மையங்களில் பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதி, சிறு குழுக்களாக ஓர் உதவி ஆசிரியரோடு. அந்தப் பாதியை மறைத்துவிட்டு 0.37-ஐ மட்டும் விளம்பரத்தில் போடுவது பாவம்.

ஆளில்லாமல் கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற திட்டத்தில் அந்த நாடு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதையும் காணமுடியவில்லை. அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இணையம் இல்லை. மடிக்கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று காட்டவும் ஆள் போதவில்லை.

நமக்கு 2020 மார்ச்சில் அந்தப் பாடம் வீட்டு வாசலுக்கே வந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடின. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. ஆனால் தொலைக்காட்சியிடம் கேள்வி கேட்க முடியாது. ஆன்லைன் வகுப்பு என்றால் வீட்டில் ஒரு போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு வந்தால் அண்ணனுக்கு முதலில், தங்கைக்குப் பிறகு. எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி மாதக்கணக்கில் ‘பிறகு’விலேயே இருந்தாள். 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கி, தெருவிலேயே ஒரு தன்னார்வலர் அக்கா பாயை விரித்து உட்கார்ந்ததும்தான் அவள் மறுபடி கணக்குப் போட்டாள்.

இப்போது நம் கையில் உள்ள வேலைகளுக்கு வருகிறேன். முதலாவது மொழி. அந்த மின்சுற்றுச் சிமுலேஷனில் மின்கடத்தியா இல்லையா என்று சோதித்துப் பார்க்கச் சில பொருள்கள் உண்டு: பென்சில், அழிப்பான், நாணயம், காகித கிளிப், அவற்றோடு ஒரு டாலர் நோட்டு. ‘இது என்ன டீச்சர், பச்சைக் காயிதம்?’ என்றாள் தோழி. சிறு விஷயம்தான். ஆனால் அடுத்த ஐந்து நிமிடம் மின்சாரம் மறந்துபோயிற்று. ஃபெட் சிமுலேஷன்களின் சொற்களை யார் வேண்டுமானாலும் தன்னார்வமாக மொழிபெயர்க்க அவர்களே இணையத்தில் வசதி செய்திருக்கிறார்கள். இந்த அரங்கில் இருக்கும் அறிவியல் ஆசிரியர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒரு விடுமுறையில் எவ்வளவோ நடக்கும். நம் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் கோடு வருகிறது. ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் வீடியோ திறக்கிறது. பிள்ளை கைவைத்து இழுக்கக்கூடிய ஒரு பக்கம் பாடத்துக்கு ஒன்றாவது திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, நம் உழைப்பு அழியாமல் இருப்பது. நானும் நான்கு ஆசிரியர்களும் இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவழித்து, ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் தமிழ்ப் பாடங்கள் செய்தோம். இதயம் துடிக்கும், வால்வைத் தொட்டால் மூடித் திறக்கும். 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் முடிவுக்கு வந்தது. 2021 ஜனவரி 12-க்குப் பிறகு உலாவிகளில் அது ஓடவே இல்லை. எங்கள் இதயம் நின்றுவிட்டது. மூலக் கோப்புகளை ஒழுங்காகப் பாதுகாக்காதது எங்கள் தவறு. ஃபெட் குழு தன் பழைய சிமுலேஷன்களை எச்டிஎம்எல்5 என்ற திறந்த தரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதியது. எங்களுக்கு அந்தப் பலம் இல்லை. இனி செய்கிறவர்கள் திறந்த தரத்திலேயே செய்யுங்கள். மூலத்தை மூன்று இடங்களில் வையுங்கள்.

மூன்றாவது, பிள்ளையைக் கண்காணிக்கும் கண். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளில் 164 கல்வி மென்பொருள்களைச் சோதித்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. 89 சதவீதம் பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு விளைவிக்கும் அல்லது விளைவிக்கக்கூடிய வகையில் தகவல்களைக் கையாண்டன. நம் நாட்டில் 2023-இல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கும் பிரிவைக் கொண்டது. எந்தச் செயலியைப் பள்ளிக்குள் விடுகிறோம் என்று பார்க்கும்போது பள்ளி மேலாண்மைக் குழு இதைக் கேட்க வேண்டும். தப்பு செய்கிற பிள்ளையின் பக்கம் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அந்தத் தலைமையாசிரியரை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு சம்பவத்தைச் சொல்லி முடிக்கிறேன். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு தொடர்புடைய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். சொற்றொடருக்கு இலக்கணம் இருப்பதுபோலப் புள்ளிக் கோலத்துக்கும் விதிகள் எழுத முடியும் என்று கணினியியல் உலகுக்குக் காட்டிய கட்டுரை அது. அதை நினைத்துக்கொண்டு, விழுப்புரம் பள்ளியில் அதே ஏழாம் வகுப்பிடம் ஸ்கிராட்ச்சில் ஒரு சிக்குக்கோலம் போடச் சொன்னேன். பேனாக் கட்டையை எடுக்க வேண்டும்; புள்ளியைச் சுற்றிக் கோடு வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். இரண்டு வாரம் பிடித்தது.

பெற்றோர் கூட்டத்தன்று இரட்டைச் சடைக்காரியின் அம்மா வந்திருந்தார். களையெடுத்துவிட்டு நேரே வந்தவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கணினியைத் தொடாமல் தள்ளி நின்றார். மகள் கட்டளைகளை ஓடவைக்கும் பச்சைக் கொடியை அழுத்தினாள். கோடு ஓடியது, நான்கு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து வந்து நின்றது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அம்மா கைதட்டவில்லை. கிட்டே வந்து விரலைத் திரைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: ‘மூலைப் புள்ளிய சுத்தாம விட்டுட்டியே பாப்பா. அங்க ஒரு முழுச் சுத்து வரணும். இல்லாட்டி இழை மாட்டாது.’

மகள் உற்றுப் பார்த்தாள். நாங்கள் யாருமே கவனிக்காத இடம். ‘எவ்ளோம்மா திரும்பணும்?’ என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. வெறுந்தரையில், மாவு இல்லாமலே, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து அந்த மூலையை ஒரு முறை போட்டுக்காட்டினார். மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறது என்று மகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கட்டையில் இருந்த 180-ஐ அழித்துவிட்டு 270 என்று அடித்து, மறுபடி கொடியை அழுத்தினாள்.